கல்கூர்லியில் தங்கம் தேட ஹேண்ட்ஃபோன் ஜிபிஎஸ் போதுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்ததன் சுருக்கம் இது. ஜூன் விடுமுறையில் பெர்த்தில் இருக்கும் மச்சானோடு சேர்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லிப் பக்கம் தங்கம் தேடப் போகிறார். மெட்டல் டிடெக்டர் மச்சானுடையது; வழி பார்ப்பது, இடம் குறிப்பது எல்லாம் இவர் பொறுப்பு. ஒத்திகையாக இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கக் காட்டில் ஒரு நடை போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஃபோனில் பதிவான தடம் இரண்டு இடத்தில் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி ஏறியிருக்கிறது. ‘இந்த ஃபோனை நம்பி அவ்வளவு தூரம் போகலாமா, இல்லை காசு போட்டுக் கையடக்க ஜிபிஎஸ் வாங்க வேண்டுமா? எந்த ஆப் நல்லது?’ என்று கேட்டிருக்கிறார். கடைசியில், அதற்குள் இங்கேயே டிடெக்டர் வைத்துப் பழகலாமா என்றும் ஒரு வரி.

கருவியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. காட்டுக்குள் போனால் வண்டிக்குத் திரும்பி வர முடியுமா என்பது ஒன்று. நான் நிற்கிற நிலத்தில் தோண்ட எனக்கு உரிமை இருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு உங்கள் ஃபோன் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கருவி வாங்கினாலும் பதில் வராது. கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து வரைபடம் தயார் செய்தால்தான் வரும். சிங்கப்பூரில் நில அளவைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் நான். அதனால் ஜிபிஎஸ், வரைபடம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். தங்கம் தேடுவது எனக்குப் பொழுதுபோக்கு, நண்பர்களோடு குளிர்காலத்தில் போய் அலைவதோடு சரி. சுரங்கச் சட்டம் பற்றி நான் சொல்வதை மேற்கு ஆஸ்திரேலிய அரசின் சுரங்கத் துறை இணையப்பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை.

முதலில் அந்த நீர்த்தேக்க விஷயம். ஃபோன் பழுது இல்லை. திறந்த வெளியில் சாதாரண ஹேண்ட்ஃபோனின் துல்லியம் ஏறக்குறைய 5 மீட்டர். அமெரிக்க அரசு தரும் கணக்கு 4.9 மீட்டர். அது திறந்த வானத்துக்கு. மெக்ரிட்ச்சியில் தலைக்கு மேல் மழைக்காட்டின் கூரை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிகவும் நலிந்தது. இலைகளில், அதுவும் மழை பெய்து நனைந்த இலைகளில், அதில் பாதி போய்விடும். மீதி அடிமரத்திலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் திரும்பிக் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். ஃபோன் அந்தத் தாமதத்தைத் தூரம் என்று கணக்குப் போடும். 15, 20 மீட்டர் தள்ளிக் காட்டுவது அங்கே சாதாரணம். பாதை நீர்க்கரையை ஒட்டிப் போகிறதா, தடம் தண்ணீரில் விழத்தான் செய்யும். இன்னொன்று: நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் இங்கே வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு கலங்கும். சிக்னல் அதில் தடுமாறும். ஒரே அலைவரிசையைப் பிடிக்கும் பழைய ஃபோன்களில் இது கூடுதலாகத் தெரியும். 2018-க்குப் பிறகு வந்த மாடல்கள் சிலவற்றில் இரண்டு அலைவரிசை வசதி இருக்கிறது, அவற்றில் குறைவு.

கல்கூர்லி இதற்கு நேர் எதிர். மரம் இருக்கிறது, ஆனால் சால்மன் கம், முல்கா போன்ற இடைவெளி விட்டு நிற்கிற மரங்கள். வானம் முழுசாகத் தெரியும். உயரமான கட்டடமும் கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது. ஆகவே மெக்ரிட்ச்சியில் கிடைத்ததை வைத்து உங்கள் ஃபோனை எடைபோடாதீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நம் ஊர்க் காடும், சுற்றிலும் வீவக அடுக்குமாடி புளோக்குகள் நிற்கிற இடமும்தான் கடினமான பரீட்சை.

அடுத்து, பலருக்கும் இருக்கிற ஒரு பயம்: லைன் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? செய்யும். ஃபோன் செயற்கைக்கோளை வெறுமனே கேட்கிறது, எதையும் அனுப்புவதில்லை. டேட்டா தேவைப்படுவது இரண்டுக்கு: வரைபடப் படத்தை இறக்க, செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள. லைன் இல்லாவிட்டால் அந்தத் தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரம் வந்து சேர அரை நிமிடம் ஆகும், ஜிபிஎஸ் தொகுதி முழுவதற்குமான அட்டவணை வர 12.5 நிமிடம். சிங்கப்பூரில் அணைத்த ஃபோனை அத்துவானக் காட்டில் திறந்தால் சில நிமிடம் திருதிருவென்று முழிப்பது இதனால்தான். கல்கூர்லி ஊரை விட்டுக் கிளம்பும்முன், லைன் இருக்கும்போதே மேப் ஆப்பைத் திறந்து இடத்தைப் பிடிக்க விடுங்கள். அப்புறம் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இப்போதைய ஃபோன்களில் அந்த மோடிலும் ஜிபிஎஸ் ஓடும், இல்லாத டவரைத் தேடித் தேடி பேட்டரி தீராது. டிடெக்டர் பிடிக்கிறவருக்கும் அதுதான் வேண்டும். டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான காயிலுக்குப் பக்கத்தில் ஃபோன் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தால் டிடெக்டர் கரகரவென்று கத்தும்.

சரி, கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாமா? என் கருத்து: இந்த ஒரு பயணத்துக்கு வேண்டாம். துல்லியத்தில் திறந்த வெளியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் அருமை வேறு இடத்தில். கார்மின் மாதிரிக் கருவிகளில் பல, கடையில் வாங்கும் ஏஏ பேட்டரியில் ஓடும்; கையுறையோடு பொத்தானை அழுத்தலாம்; கல்லில் விழுந்தாலும் பிழைக்கும். வெயிலில் திரை தெளிவாகத் தெரியும். வருடா வருடம் போகிறவர்கள் வாங்கட்டும். உங்களுக்கு, வீட்டில் சும்மா கிடக்கிற பழைய ஃபோன் ஒன்று இருந்தால் அதிலும் அதே ஆப், அதே வரைபடம் ஏற்றி மச்சானிடம் கொடுங்கள். இரண்டு ஃபோன், இரண்டு பவர் பேங்க், ஒரு காகித வரைபடம். மீதிக் காசில் வேறொன்று வாங்க வேண்டும், பிறகு சொல்கிறேன். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆப் விஷயத்தில் நான் கட்சி கட்ட மாட்டேன். கூகுள் மேப் அங்கே ஊர்ச் சாலைக்கு மட்டும். மண் பாதையில் அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய் மாட்டியவர்கள் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் லைன் இல்லாமல் ஓடும், இலவசமாகவே கிடைக்கும். உங்கள் சொந்த வரைபடத்தை ஏற்ற வேண்டுமென்றால் அவென்சா என்ற ஆப் வசதி: இடக்குறிப்போடு இருக்கிற பிடிஎஃப் வரைபடத்தைத் திறந்தால் அதன் மேல் நீல வட்டமாக நீங்கள் நிற்கும் இடம் தெரியும். எந்த ஆப் எடுத்தாலும் நான் பார்ப்பது மூன்று. முழுக்க ஆஃப்லைனில் ஓடுகிறதா? புள்ளி, தடம், எல்லைக்கோடு அடங்கிய கேஎம்எல், ஜிபிஎக்ஸ் கோப்புகளை வெளியிலிருந்து ஏற்றலாமா? நான் பதிவு செய்ததை வெளியே எடுக்க முடிகிறதா? கடைசியானது இல்லாத ஆப், எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு அடியில் இருக்கும் தங்கம் நிலச் சொந்தக்காரருடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பொதுவாக அது அரசுடையது. 1978-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, தேடிப் பார்க்க முதலில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற சீட்டு வேண்டும். இது சிறு கட்டணம்தான். ஆனால் அது கையில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் தோண்டலாம் என்று அர்த்தம் இல்லை. யாருக்கும் சுரங்க உரிமம் கொடுக்கப்படாத அரசு நிலத்தில் தேடலாம். யாராவது ஆய்வு உரிமம் வாங்கி வைத்திருக்கும் நிலமானால் ‘40இ’ என்ற தனி அனுமதி வேண்டும். அது குறிப்பிட்ட கட்டங்களுக்குச் சில மாதம் மட்டும் செல்லும். சுரங்கக் குத்தகை, சிறு தேடல் உரிமம் போன்றவற்றுக்குள் நுழைய உரிமம் வைத்திருப்பவரின் எழுத்து வழி சம்மதம் வேண்டும். மேய்ச்சல் குத்தகையில் இருக்கும், ‘ஸ்டேஷன்’ எனப்படும் பெரிய பண்ணைகளில், போவதற்கு முன் குத்தகைக்காரரிடம் தகவல் சொல்ல வேண்டும். பழங்குடி மக்களின் மரபிடங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அவை எல்லாமும் வரைபடத்தில் இருக்காது. நீங்கள் சுற்றுலா விசாவில் போகிறவர் என்பதால், சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே உங்கள் விசா நிபந்தனையையும் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மச்சான் பேரில் ஒரு சீட்டு இருந்தால் உங்களுக்கும் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம்.

இந்த எல்லைகள் எல்லாம் எங்கே தெரியும்? சுரங்கத் துறையின் டென்கிராஃப் என்ற இணைய வரைபடத்தில் உரிமங்கள் தெரியும். அதே துறையின் ஜியோவியூ தளத்தில் உரிமங்களோடு நிலவியல் வரைபடம், பழைய சுரங்கங்கள், கனிமப் புள்ளிகள் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். இரண்டுமே இலவசம், தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். கல்கூர்லியைச் சுற்றிப் பார்த்தால் முதலில் மனசு உடைந்துவிடும். வெற்று இடமே இல்லாதபடி உரிமக் கட்டங்கள் நெருங்கி நிற்கும். பொறுமையாகத் தேடினால் இடுக்குகள் கிடைக்கும். தேர்ந்தெடுத்த பகுதியின் எல்லைகளைக் கோப்பாக இறக்கி ஆப்பில் ஏற்றுங்கள், இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். உரிமங்கள் தினமும் வருகின்றன, போகின்றன. ஏப்ரலில் காலியாக இருந்த நிலம் ஜூனில் யாருடையதாகவோ ஆகியிருக்கலாம். பெர்த்தில் இறங்கியதும் புதிதாக ஒரு முறை இறக்கிக்கொள்வது நல்லது.

எல்லைக்கோட்டை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் என் தொழில் சார்ந்த விஷயம். இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்கிறேன். திரையில் நீல வட்டமும் சிவப்புக் கோடும் தெரிகின்றன. இரண்டும் ஒரே கணக்கில் வரையப்பட்டவை என்று எல்லோரும் நினைக்கிறோம். வட்டத்தைப் போடுவது உங்கள் ஃபோன். அதன் பிழை 5 மீட்டர் சுற்று. கோட்டைப் போட்டவர் வேறொருவர், அவர் எந்த அளவை அடிப்படையில் போட்டார் என்பது முக்கியம். இந்த அடிப்படையைத்தான் அளவைக்காரர்கள் டேட்டம் என்கிறோம். ஆஸ்திரேலியக் கண்டம் வருடத்துக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் 1994-ஆம் ஆண்டு நிலையை வைத்துக் கட்டிய ஜிடிஏ94 என்ற டேட்டத்துக்கும், 2020 நிலையை வைத்துக் கட்டிய ஜிடிஏ2020-க்கும் இடையே ஏறக்குறைய 1.8 மீட்டர் இருக்கிறது. தங்கம் தேடுகிறவருக்கு இது பெரிதில்லை. பெரிது எது என்றால், அதற்கும் முந்தைய ஏஜிடி84 மாதிரி டேட்டங்கள். அந்தக் கணக்கில் எழுதிய ஆயத்தொலைவை அப்படியே இன்றைய ஃபோனில் போட்டால் ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். 1980-களின் ஆய்வறிக்கைகளில், பழைய காகித வரைபடங்களில், தாத்தா காலத்துக் குறிப்புகளில் எல்லாம் இந்த எண்கள்தான். ‘நல்ல இடம், ஆயத்தொலைவு இதோ’ என்று யாராவது கொடுத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த டேட்டம் என்பதுதான். பதில் தெரியவில்லையென்றால் அந்த எண் எனக்கு ஒரு வட்டாரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தத் தலைவலி அவ்வளவாகத் தெரியாது. சிங்கப்பூர் 2004-லிருந்து எஸ்விஒய்21 என்ற ஒரே முறைக்கு வந்துவிட்டது. தீவு முழுவதற்கும் ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே கட்டம். அங்கே ஒரு மாநிலத்துக்குள்ளேயே மண்டலங்கள் மாறும். கட்டமுறையில் 120 பாகை தீர்க்கரேகைக்கு மேற்கே 50-ஆம் மண்டலம், கிழக்கே 51. பெர்த்திலிருந்து கல்கூர்லி போகும் வழியில், சதர்ன் கிராஸ் ஊரைத் தாண்டிக் கூல்கார்டி போய்ச் சேர்வதற்குள் இந்தக் கோட்டைக் கடப்பீர்கள். மண்டல எண் இல்லாமல் வெறும் கிழக்கு, வடக்கு எண்களை மட்டும் குறித்துவைத்தால் அதே எண்கள் இரண்டு இடத்துக்குப் பொருந்தும்.

இன்னொரு வழக்கமான சறுக்கல் மைனஸ் குறி. நமக்கு அட்சரேகை எப்போதும் 1.3, 1.4 என்று நேர்மறை எண். கல்கூர்லி மைனஸ் 30.75, 121.47. மைனஸை விட்டுவிட்டுத் தட்டினால் ஃபோன் உங்களை ஷாங்காய்க்குத் தெற்கே ஹாங்ஜோ வளைகுடாவுக்குக் கூட்டிப்போகும். இது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். கெட்ட பிழை எது என்றால் பாகை, கலை, விகலையைக் குழப்புவது. 30 பாகை 45 கலை என்பது தசமத்தில் 30.75, அதை 30.45 என்று தட்டினால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும், பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். நீங்களும் மச்சானும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். தசமப் பாகையில் ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர் அளவு. அதற்கு மேல் எழுதுவது வீண்.

ஆக எல்லைக்கு எவ்வளவு இடைவெளி விடலாம்? ஃபோன் பிழை 5 மீட்டர், டேட்டம் வித்தியாசம் 2 மீட்டர், கோடு வரைந்ததில் எவ்வளவோ. நான் 50 மீட்டர் உள்ளே தள்ளியே நிற்பேன். இது சட்டத்தில் உள்ள எண் இல்லை, என் கணக்கு. சிறு தேடல் உரிமங்களுக்கும் குத்தகைகளுக்கும் மூலைகளில் கம்பம் நட்டிருப்பார்கள். கம்பம் கண்ணில் பட்டால் ஃபோன் சொல்வதை விட்டுவிட்டுக் கம்பத்தை நம்புங்கள். ஆய்வு உரிமத்துக்குக் கம்பம் தேடாதீர்கள். அது அட்சரேகை, தீர்க்கரேகையில் ஒரு கலைக்கு ஒரு கலை என்று வெட்டிய கட்டங்களால் ஆனது, தரையில் அடையாளம் எதுவும் இருக்காது.

நிலவியல் வரைபடம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்தப் பகுதி இல்கார்ன் என்ற மிகப் பழைய பாறைப் பரப்பு. அதில் கிரீன்ஸ்டோன் எனப்படும் பாறைப் பட்டைகளில்தான் தங்கம் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. 1892-ல் கூல்கார்டியிலும் 1893-ல் கல்கூர்லியிலும் தொடங்கிய வேட்டை இந்தப் பட்டைகளை ஒட்டித்தான் போனது. அதனால் எல்லோரும் வரைபடத்தில் கிரீன்ஸ்டோனுக்கும் கிரானைட்டுக்கும் இடையே உள்ள கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ‘கோடு இந்த மரத்துக்கு இந்தப் பக்கம்’ என்கிறார்கள். 1:2,50,000 அளவில் வரைந்த வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனான கோடு, தரையில் 125 மீட்டர் அகலம். 1:1,00,000 என்றாலும் 50 மீட்டர். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வரைந்தவருடைய பேனா மெலிவதில்லை. அங்கே மண் மூடிக் கிடக்கும் இடமே அதிகம் என்பதால் பல கோடுகள் அனுபவ ஊகத்தில் போட்டவை; அப்படிப்பட்ட கோட்டைப் பெரும்பாலும் இடைவெளி விட்டு விட்டு வரைந்திருப்பார்கள், கீழே விளக்கத்தில் பாருங்கள். பழைய குழிகள், வெள்ளைக் குவார்ட்ஸ் சிதறல், மண்ணின் நிறம் இவற்றைத் தரையில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். துறையின் வாமெக்ஸ் தளத்தில் கம்பெனிகள் கைவிட்ட நிலங்களின் பழைய ஆய்வறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மழை நாளில் உட்கார்ந்து படிக்க நல்ல தீனி; டேட்டம் பார்த்துப் படியுங்கள். இணையத்தில் காசுக்கு விற்கும் ‘ரகசியத் தங்கப் புள்ளி’ கோப்புகளை வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் இதே அரசுத் தரவை வேறு நிறத்தில் அச்சடித்தது. உண்மையிலேயே நல்ல இடம் தெரிந்தவர் அதை ஏன் விற்கப்போகிறார்?

களத்தில் இறங்கியதும் முதல் வேலை, வண்டியின் கதவைச் சாத்துவதற்கு முன் ‘வண்டி’ என்று பெயரிட்டு ஒரு புள்ளி குறிப்பது. இது உங்கள் வேலையா மச்சானின் வேலையா என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்; இருவரும் மற்றவர் குறித்திருப்பார் என்று நினைப்பதுதான் வழக்கம். புள்ளிகளுக்குத் தேதியும் ஒரு சொல்லும் போதும்: ‘0612 குவார்ட்ஸ்’, ‘0612 குழி ஆபத்து’. ஆப் தானாக வைக்கும் 001, 002 பெயர்களை வைத்து ராத்திரி எதுவும் புரியாது. தங்கம் கிடைத்த இடத்தைக் குறிக்கும்போது ஃபோனைத் தரையில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். சில ஆப்களில் சராசரி எடுக்கும் வசதி இருக்கும். சும்மா ஒரு நொடியில் எடுத்த புள்ளியைவிட இது கொஞ்சம் மேல். தடப்பதிவை நாள் முழுக்க ஓட விடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

தடப்பதிவால் என்ன ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டி கிடைத்ததும் சுற்றியுள்ள இடத்தை வரி வரியாகத் துழாவுவார்கள். காயிலின் விட்டம் 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர். ஒரு வரிக்குள் வீசும் அகலம் ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். உங்கள் ஃபோனின் பிழை அதைப்போல மூன்று மடங்கு. திரையில் கோடுகள் நெருக்கமாக நெய்தது போலத் தெரியும், ஆனால் நடுவில் எத்தனை வரி விட்டுப்போனது என்று அதனால் சொல்லவே முடியாது. அங்கே பழகியவர்கள் இடுப்பில் ஒரு சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டே நடக்கிறார்கள். செம்மண்ணில் சங்கிலித் தடம் விழும். திரும்பி வரும்போது அதை ஒட்டி நடக்கலாம். ஒரு கஜம் சங்கிலி, பத்து வெள்ளி கூட ஆகாது. நானும் அதைத்தான் செய்கிறேன்.

திசைகாட்டி வைத்திருப்பீர்கள், தேசிய சேவையில் பழகிய கை என்றால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: அந்தப் பகுதியில் இரும்புப் பட்டைப் பாறைகள் உள்ள மேடுகள் இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் ஊசி விலகும். ஃபோனில் தெரியும் திசை அம்பும் நீங்கள் அசையாமல் நிற்கும்போது காந்த உணரியைத்தான் நம்புகிறது, அதுவும் சேர்ந்து ஏமாறும். சந்தேகம் வந்தால் நேராகப் பத்து இருபது அடி நடங்கள். நடக்கும்போது ஜிபிஎஸ் நகர்வை வைத்துத் திசையைச் சொல்லும். ‘வண்டிக்குப் போ’ என்று அழுத்தினால் ஆப் ஒரு நேர்கோடு போடும். அந்தக் கோட்டின் நடுவில் மூடாத பழைய சுரங்கக் குழி இருக்கிறதா, உப்பு ஏரியின் சேறு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நூறாண்டுக்கு முந்தைய குழிகள் அங்கே வேலி கூட இல்லாமல் கிடக்கின்றன, விளிம்பு இடியக்கூடியது. இருட்டிய பிறகு நேர்கோட்டில் நடக்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள், அதற்குத்தான் தடப்பதிவு.

மிச்சம் பிடித்த காசில் வேறொன்று என்றேனே, அது பிஎல்பி எனப்படும் அவசரக் கருவி. உள்ளங்கை அளவுதான். மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி போகும். குறைந்தது 24 மணி நேரம் விடாமல் அனுப்பும். ஜிபிஎஸ் உள்ள மாடலையே எடுங்கள். ஆஸ்திரேலியாவில் வாடகைக்கும் கிடைக்கிறது, உங்களுக்கு அது போதும். ஐஃபோன் 14-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி ஆஸ்திரேலியாவில் 2023-லிருந்து இருக்கிறது. அது இரண்டாவது கையாக இருக்கட்டும். எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ‘இத்தனை மணிக்குள் ஃபோன் வராவிட்டால் போலீஸுக்குச் சொல்’ என்று நேரத்தோடு சொல்ல வேண்டும். அக்காவோ தங்கச்சியோ, பதறாமல் அதைச் செய்யக்கூடியவராகப் பாருங்கள்.

கடைசியாக, இங்கேயே டிடெக்டரோடு பழகுவது. தேசியப் பூங்காக் கழகத்தின் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியில்லாமல் தோண்டக்கூடாது. வனப்பகுதியில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்கினாலே 2,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மேற்கே லிம் சூ காங் பக்கம் ஆயுதப் படையின் சுடும் பயிற்சி நிலங்கள் இருக்கின்றன. ஓட்டக்காரர்கள் பதிவேற்றிய தடம் ஏதோ ஓர் ஆப்பில் தெரிகிறது என்பதற்காக உள்ளே போய்விடாதீர்கள். அரசு நிலத்தில் தொல்பொருள் ஏதாவது கிடைத்தால் அது உங்களுடையதும் ஆகாது. டிடெக்டர் பழக்கத்தை மச்சான் அங்கே சொல்லிக்கொடுக்கட்டும்.

ஜிபிஎஸ்ஸை இங்கேயே பழகலாம், அதற்குப் பழைய ரயில் பாதையான ரயில் காரிடார் எனக்குப் பிடித்த இடம். நேரான நீளமான தடம், சில இடம் வெட்டவெளி, சில இடம் மரக்கூரை, பாலத்துக்கு அடியில் கொஞ்சம். ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு காலை நடந்துவிட்டு வாருங்கள். நடுவில் ஒரு பாலத்தின் மூலை, ஒரு விளக்குக் கம்பம் என்று அசையாத பொருள்கள் ஏழெட்டைக் குறியுங்கள். வேறொரு நாள் போய் அதே இடங்களை மறுபடி குறியுங்கள். வீட்டில் நில ஆணையத்தின் இணைய வரைபடமான ஒன்மேப்பைத் திறந்து இரண்டு நாள் புள்ளிகளையும் அதன் மேல் வைத்துப் பார்த்தால், உங்கள் ஃபோன் வெட்டவெளியில் எத்தனை மீட்டர் தள்ளாடுகிறது, மரத்தடியில் எத்தனை என்று உங்கள் கையாலேயே கிடைத்துவிடும். அந்த எண்ணோடு ஜியோவியூவைத் திறந்து உட்காருங்கள். பார்த்துவைத்த இடுக்கு எதுவென்று எழுதினால், எந்த டேட்டத்தில் கோப்பை இறக்க வேண்டும், எந்த மண்டலம் என்று பார்த்துச் சொல்கிறேன்.